கடல் குறுக்கிட்டால் யார் எதில் போவார்கள்? காரைக்குடி – யாழ்ப்பாணம் பயணத் தேர்வு மாடல்: முழுமையான வழிகாட்டி

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் சேவை 2024 ஆகஸ்ட்டில் மறுபடி தொடங்கியபோது கடலில் இறக்கிய கப்பலின் பெயர் ‘சிவகங்கை’. எங்கள் மாவட்டத்தின் பெயர். சரி, அந்தக் கப்பலில் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் எத்தனை பேர் ஏறுவார்கள்? காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் கிளம்புகிற ஒருவர் நாகைக் கப்பலைப் பிடிப்பாரா, திருச்சியில் விமானம் ஏறுவாரா, சென்னை போய்ச் சுற்றுவாரா, அல்லது ‘இந்த வருஷம் வேண்டாம்’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவாரா? இதைக் கணக்காகப் போடும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். சிவில் இன்ஜினியரிங் மாணவர்கள், போக்குவரத்துத் திட்டமிடலில் வேலை செய்பவர்கள், எக்செல் தெரிந்த யாரும் பின்தொடரலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல், ஆறு, காயல் எது குறுக்கிட்டாலும், தண்ணீரின் மேல் போகும் நேரத்தைத்தான் எல்லோரும் முதலில் அளக்கிறார்கள். தேர்வு பெரும்பாலும் கரையிலேயே முடிவாகிவிடுகிறது: எத்தனை தடவை இறங்கி ஏறணும், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கணும், சொன்ன நாளில் வண்டி கிளம்புமா. இவற்றை அளக்காமல் விட்டால் எல்லாம் ‘மாறிலி’ (ஒரு வழிக்கு நாம் அளக்காமல் விட்ட மிச்சத்தைத் தாங்கும் எண்) என்ற ஒரே எண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அப்புறம் அந்த மாடலை வைத்து எதையும் கணிக்க முடியாது.

படி 1: வாசல் முதல் வாசல் வரை வழிகளை எழுதுங்கள்

‘கப்பல்’, ‘விமானம்’ என்று இரண்டு பெயரை எழுதி வைப்பது போதாது. ஒவ்வொரு வழியையும் கண்ணியாகப் பிரியுங்கள். கப்பல் வழி என்றால்: வீட்டிலிருந்து காரைக்குடி பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து நாகை, துறைமுகத்தில் பாஸ்போர்ட், கஸ்டம்ஸ் சோதனை, சுமார் நான்கு மணி நேரக் கடல், காங்கேசன்துறையில் மறுபடி சோதனை, பிறகு யாழ்ப்பாணம் டவுனுக்கு ஒரு வண்டி. திருச்சி வழி: காரைக்குடி – திருச்சி, விமான நிலையம், பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்), டவுன். இண்டிகோ 2025 மார்ச் கடைசியில் திருச்சி – யாழ்ப்பாணம் விமானத்தைத் தொடங்கிய பிறகு இந்த வழி உயிர் பெற்றது. அதற்கு முன் எடுத்த எந்தத் தரவிலும் இந்த வழியே கிடையாது என்பதை மறக்காதீர்கள். மூன்றாவது, ராத்திரி ரயிலில் சென்னை, அங்கிருந்து விமானம்.

‘போகாமல் இருப்பது’ நான்காவது வழி. இதை விட்டுவிடுவது தண்ணீர்த் தடை மாடல்களில் அடிக்கடி நடக்கும் பிழை. கடல் பயணங்களைத் திசை திருப்புவதோடு நிற்பதில்லை, நிறையப் பயணங்களைப் பிறக்கவே விடுவதில்லை. வாட்ஸ்அப் வீடியோவில் கல்யாணம் பார்த்துவிட்டு மொய்யை அனுப்பிவிடுகிற குடும்பமும் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும்.

ராமேஸ்வரம் – தலைமன்னார் வழியை இன்றைய பட்டியலில் சேர்க்காதீர்கள். எதிர்காலக் காட்சியாகத் தனியே வையுங்கள். ஆனால் அதன் வரலாற்றைப் படித்து வைப்பது உதவும். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும், சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 35 கி.மீ. கப்பல், பிறகு கொழும்புக்கு இன்னொரு ரயில் என்று போக முடிந்தது. காரைக்குடி வழியாகப் போகும் ராமேஸ்வரம் ரயிலை இன்றும் ‘போட் மெயில்’ என்றுதான் சொல்கிறோம். அந்தப் பயணத்தில் இறங்கி ஏறுவது இரண்டு தடவை. இன்றைய நாகை வழியிலும் இரண்டு தடவைதான். ஆனால் அங்கே ரயில் கப்பல் துறை வரை போய் நின்றது, ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போனார்கள். இங்கே பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பேச வேண்டும். மாடலில் இரண்டையும் ‘மாறுதல் = 2’ என்று எழுதினால் பெரிய விஷயம் ஒன்று காணாமல் போய்விடும். அதனால் மாறுதலின் எண்ணிக்கையோடு அதன் தரத்தையும் எழுதுங்கள்: நடக்கும் தூரம், படி உண்டா, ஒரே டிக்கெட்டா, வெயிலில் நிற்க வேண்டுமா.

படி 2: பயணிகளை இனம் பிரியுங்கள்

சராசரிச் செட்டிநாட்டுப் பயணி என்று ஒருவர் கிடையாது. கதிர்காமத்துக்கும் நல்லூருக்கும் கூட்டமாகப் போகிற கோயில் குழு ஒன்று. கொழும்பு செட்டியார் தெருவோடு தலைமுறைத் தொடர்புள்ள வியாபாரக் குடும்பங்கள் இன்னொன்று. மண்டபம் போன்ற இடங்களில் உள்ள முகாம்களிலும் வெளியிலும் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள், ஊரில் இருக்கும் உறவைப் பார்க்கப் போகிறவர்கள், மூன்றாவது. கடைசியாகச் சுற்றுலா. பெட்டி தூக்கிப் பிழைக்கும் ‘குருவி’களையும் கணக்கெடுப்பில் சந்திப்பீர்கள், அவர்களுக்குக் கட்டணத்தை விட லக்கேஜ் கிலோதான் முக்கியம், தனியாக வைத்துவிடுங்கள்.

முடிவெடுப்பது யார் என்பதையும் கேளுங்கள். இங்கே ஆறு பேர் போகும் பயணத்தை ஒருவர் தீர்மானிப்பார், பல சமயம் அவர் பயணமே போக மாட்டார். அந்த ஆறு பேரையும் ஆறு தனித்தனித் தேர்வாக எண்ணினால், மாடல் தனக்கு இருப்பதை விட அதிக நம்பிக்கை இருப்பதாகக் காட்டும். ஒரு குழுவுக்கு ஒரு தேர்வு, அவ்வளவுதான்.

படி 3: தரவு எடுங்கள்

இரண்டு வகை வேண்டும். மக்கள் உண்மையில் செய்தது ஒன்று, ‘இப்படி இருந்தால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டு வாங்குவது இன்னொன்று. முதலாவது நம்பகமானது, ஆனால் இல்லாத சேவையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரண்டாவது எதையும் சொல்லும், ஆனால் வாயால் ‘கப்பல்ல போவேன்’ என்று சொல்வதற்குக் காசு செலவில்லை. இரண்டையும் சேர்த்து மதிப்பிட வேண்டும். இரண்டிலும் இரைச்சல் (நாம் அளக்க முடியாத ஏற்ற இறக்கம்) அளவு வேறு என்பதால் நடுவே ஓர் அளவுக் காரணியையும் மாடலே கண்டுபிடிக்க விட வேண்டும்.

நாகைத் துறைமுக வாசலில் நின்று கேட்டால் கப்பல்காரர்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். திருச்சி விமான நிலைய வாசலிலும் அதே கதை. பரவாயில்லை, கேளுங்கள், செலவு குறைவு. ஆனால் அப்படி எடுத்த சாம்பிளுக்குத் திருத்தம் தேவை. மான்ஸ்கியும் லெர்மனும் 1977-இல் எழுதிய எடையிடும் முறை (சாம்பிளில் அதிகமாக வந்தவர்களுக்குக் குறைந்த எடை, குறைவாக வந்தவர்களுக்குக் கூடுதல் எடை) இதற்குத்தான். சாதாரண லாஜிட்டில் (பயன் எண்ணைப் பங்காக மாற்றும் கணக்கு, படி 4-இல் வருகிறது), எல்லா வழிக்கும் மாறிலி கொடுத்திருந்தால் (ஒன்றை மட்டும் பூஜ்யமாக வைத்து), இன்னும் எளிது: உங்கள் சாம்பிளில் கப்பல் பங்கு 50 சதவீதம், உண்மையில் 20 சதவீதம் என்றால், கப்பலின் மாறிலியிலிருந்து 0.5-ஐ 0.2-ஆல் வகுத்து வருவதன் இயற்கை மடக்கையை, அதாவது 0.92-ஐக் கழியுங்கள். மற்ற வழிகளுக்கும் இதே கணக்கு. நெஸ்டெட் லாஜிட்டுக்கு (ஒத்த வழிகளை ஒரு கூட்டில் வைக்கும் முறை, படி 6) இந்தக் குறுக்குவழி செல்லாது, அங்கே எடையிடத்தான் வேண்டும். போகாதவர்களைப் பிடிக்க வீடு வீடாகப் போவதைத் தவிர வழியில்லை.

கேள்வி அட்டை தயாரிப்பது தனிக்கலை. ஒரு அட்டையில் இரண்டு மூன்று வழி, ஒவ்வொன்றுக்கும் கட்டணம், மொத்த நேரம், வாரத்தில் எத்தனை நாள், ரத்தாகும் வாய்ப்பு. ஒருவருக்கு எட்டு அட்டைக்கு மேல் காட்டாதீர்கள், அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார்கள். அட்டையில் உள்ள எண்கள் அவர் கடைசியாகப் போன பயணத்தை ஒட்டி இருக்கட்டும். ‘பத்தில் ஒன்று ரத்தாகும்’ என்பதைச் சதவீதமாக எழுதாமல் பத்துக் கப்பல் படம் போட்டு ஒன்றை அடித்துக் காட்டினால் எல்லா வயதுக்கும் புரிகிறது.

எதை அட்டையில் வைப்பது என்பதை நாமே அறையில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. தேவகோட்டையில் ஒரு வளவு வீட்டில் வெள்ளோட்டம் பார்த்தபோது நடந்த பேச்சு இது:

“ஆச்சி, கப்பல்னா ஆறாயிரம், பன்னண்டு மணி நேரம். பிளேன்னா எட்டாயிரம், ஏழு மணி நேரம். எதுல போவீக?”

“நாகப்பட்டினத்துல எறங்குனா பெட்டிய யாருப்பா தூக்குவா?”

“அது இந்த அட்டையில இல்ல ஆச்சி.”

“அப்ப அட்டைய மாத்து. கடலெல்லாம் எனக்குப் பயமில்ல, எங்க ஐயா பினாங்குக்குக் கப்பல்லதான் போனாக. பெட்டிக்கு ஆளு இருந்தா கப்பல், இல்லாட்டி பிளேன். காசு என்ன காசு.”

‘பெட்டி தூக்க ஆள் உண்டா’ என்பது அந்த அட்டையில் ஒரு வரியாக ஏறியது. வயதானவர்கள் இருக்கும் குழுக்களில் இது கடல் நேரத்தை விடப் பெரிய விஷயமாக இருக்கலாம். துறைமுகத்தில் நான்கு போர்ட்டர்களை நிறுத்துவதற்கு ஆகும் செலவையும், கப்பலை அரைமணி வேகமாக ஓட்டுவதற்கு ஆகும் எண்ணெயையும் ஒப்பிட்டால், இந்த ஒரு வரி ஏன் முக்கியம் என்று தெரியும்.

படி 4: பயன் சமன்பாடு

டேனியல் மெக்ஃபேடன் 1970-களில் வடிவம் கொடுத்து, 2000-இல் அவருக்குப் பொருளாதார நோபல் (ஜேம்ஸ் ஹெக்மனோடு) வாங்கித் தந்த கருத்துதான். ஒவ்வொரு வழிக்கும் ஒரு ‘பயன்’ எண். கட்டணம், நேரம், காத்திருப்பு, மாறுதல் ஒவ்வொன்றையும் ஒரு கெழுவால் பெருக்கிக் கூட்டுகிறோம். எல்லாம் சுமை என்பதால் கெழுக்கள் எதிர்க்குறி.

கீழே உள்ள எண்கள் கணக்குப் பழக நான் வைத்தவை, அளந்தவை இல்லை. கட்டணம் ஆயிரம் ரூபாய்க்கு 0.5, வண்டிக்குள் ஒரு மணிக்கு 0.1, காத்திருப்பு ஒரு மணிக்கு 0.2, ஒரு மாறுதலுக்கு 0.3 என்று கழிப்போம்.

கப்பல்: 6,000 ரூபாய், வண்டிக்குள் 8.5 மணி, காத்திருப்பு 3.5 மணி, மாறுதல் 2. கழிவு 3.0 + 0.85 + 0.7 + 0.6. பயன் −5.15.

திருச்சி விமானம்: 8,000 ரூபாய், 3.5 மணி, காத்திருப்பு 3.5 மணி, மாறுதல் 2. பயன் −5.65.

சென்னை விமானம்: 9,000 ரூபாய், 9.5 மணி, காத்திருப்பு 4 மணி, மாறுதல் 3. பயன் −7.15.

இனி 2.718-ஐ ஒவ்வொரு பயன் எண்ணுக்கும் அடுக்கேற்றி (எக்செலில் இதற்கு நேரடி ஃபங்ஷன் உண்டு), அந்த மூன்றின் கூட்டுத்தொகையால் ஒவ்வொன்றையும் வகுத்தால் பங்கு கிடைக்கும். கப்பல் 57.4, திருச்சி 34.8, சென்னை 7.8 சதவீதம். போகாமல் இருப்பதை இங்கே எளிமைக்காக விட்டிருக்கிறேன். உங்கள் மாடலில் விடாதீர்கள்.

கெழுக்களிலிருந்து ஒரு சோதனை உடனே செய்யுங்கள். நேரக் கெழுவைக் கட்டணக் கெழுவால் வகுத்தால் ஒரு மணி நேரத்தின் மதிப்பு: 0.1-ஐ 0.5-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 200 ரூபாய். காத்திருப்புக்கு 400. ஒரு மாறுதல் 600 ரூபாய்க்குச் சமம். உங்கள் ஊர் வருமானத்தோடு இது ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். காத்திருப்பு பல நாட்டு ஆய்வுகளில் வண்டி நேரத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு சுமையாக வரும். உங்களுக்கு வண்டி நேரத்தை விடக் குறைவாக வந்தால், ஆட்களைக் குறை சொல்லும் முன் தரவைப் பாருங்கள். கடல் நேரத்துக்குத் தனிக் கெழு கொடுப்பது நல்லது. நடக்கலாம், சாப்பிடலாம், படுக்கலாம் என்பதால் சிலருக்கு அது பஸ் நேரத்தை விட லேசு. குமட்டல் வருபவர்களுக்கு நேர் எதிர்.

படி 5: கிளம்பாத கப்பல்

எனக்கு இந்தப் படிதான் முக்கியம். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி தொடங்கிய நாகை – காங்கேசன்துறை சேவை, வடகிழக்குப் பருவம் நெருங்கியதால் சில நாட்களிலேயே நின்றது. பாக் ஜலசந்தியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் யாருக்கும் வாக்குக் கொடுக்காது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோன கடல் இது.

இதை இரண்டாகப் பிரித்துக் கையாளுங்கள். சேவையே இல்லாத மாதங்களில் கப்பலைத் தேர்வுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எதிர்க்குறி போட்டுக் குறைக்க வேண்டாம். சேவை இருந்தும் அன்றைக்கு ரத்தாகும் வாய்ப்பு வேறு விஷயம். அதற்கு எதிர்பார்ப்புப் பயன் போடுங்கள். பத்தில் ஒன்று ரத்தாகிறது, ரத்தானால் நாகையிலிருந்து திரும்பித் திருச்சியில் கடைசி நேர டிக்கெட் வாங்கிப் போகும் பயன் −9 என்று வையுங்கள். 0.9 × 5.15 + 0.1 × 9 = 5.535, அதாவது பயன் −5.535. இப்போது பங்கைப் போட்டால் கப்பல் 57-லிருந்து 48 சதவீதத்துக்கு இறங்குகிறது. பத்துக்கு ஒரு ரத்து, கிட்டத்தட்டப் பத்துப் புள்ளி நஷ்டம். ரத்தை முந்தின நாளே எஸ்.எம்.எஸ்ஸில் சொன்னால் −9 என்பது −7 ஆகலாம். அந்த ஒரு மாற்றத்தையும் போட்டுப் பாருங்கள், கப்பலின் வேகத்தைக் கூட்டுவதை விட லாபமாக வரும்.

வாரத்தில் சில நாள் மட்டும் ஓடும் சேவைக்கு ‘போக நினைத்த நாளிலிருந்து எத்தனை நாள் தள்ளிப் போக வேண்டியிருந்தது’ என்பதும் ஒரு மாறி. கல்யாணத்துக்குப் போகிறவருக்கு ஒரு நாள் தள்ளினாலும் கப்பல் இல்லாததற்குச் சமம். கோயில் குழுவுக்கு அது பொருட்டே இல்லை. படி 2-இல் பிரித்த இனங்களுக்குத் தனித்தனிக் கெழு இங்கே கட்டாயம்.

படி 6: ஒரே சாயல் உள்ள வழிகளை ஒரு கூட்டில் வையுங்கள்

சாதாரண லாஜிட் ஒரு வழி மூடினால் அதன் ஆட்களை மற்ற வழிகளுக்கு இருந்த விகிதப்படியே பிரித்துக் கொடுக்கும். படி 4 கணக்கில் திருச்சி விமானம் நின்றுவிட்டால், அது கப்பலுக்கு 88, சென்னைக்கு 12 என்று சொல்லும். விமானம் என்று முடிவு செய்தவரில் பலர் சென்னையில் போய் ஏறுவார்கள் என்பது நமக்குத் தெரியும், மாடலுக்குத் தெரியாது. இரண்டு விமான வழிகளையும் ஒரு கூட்டில் வைத்து, கூட்டு அளவு (கூட்டுக்குள் உள்ள வழிகள் எவ்வளவு ஒத்தவை என்று காட்டும் எண், சிறிதானால் ஒற்றுமை அதிகம்) 0.5 என்று எடுத்து, அதே தொடக்கப் பங்குகளிலிருந்து கணக்கிட்டால் கப்பல் 76, சென்னை 24 என்று வரும். சென்னைக்கு இரண்டு மடங்கு. கப்பல் கம்பெனி இன்னொரு கப்பல் வாங்கலாமா என்று யோசிக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் சின்னதில்லை.

கூட்டு அளவு 0-க்கும் 1-க்கும் நடுவில் வர வேண்டும். 1 என்றால் கூட்டே தேவையில்லை. 1-ஐத் தாண்டினால் நீங்கள் கூடு கட்டிய விதம் தவறு. மாற்றிக் கட்டிப் பாருங்கள்.

படி 7: மதிப்பிடுங்கள்

மென்பொருளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பைத்தான் தெரிந்தால் பயோஜீம், ஆர் தெரிந்தால் அப்பல்லோ, இரண்டும் இலவசம். குறிகள் சரியா, நேர மதிப்பு நம்பும்படி இருக்கிறதா, மாறிலி எவ்வளவு பெரிது என்று பாருங்கள். கப்பலின் மாறிலி மூன்றாயிரம் ரூபாய்க்குச் சமமாக வந்தால், நீங்கள் அளக்காமல் விட்ட ஏதோ ஒன்று அதற்குள் இருக்கிறது. ஆச்சியின் பெட்டி போல.

படி 8: மாடலைச் சோதியுங்கள்

நம் வாசலிலேயே ஒரு பரிசோதனை நடந்து முடிந்திருக்கிறது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கும் வரை ராமேஸ்வரம் ரயில்கள் மண்டபத்தோடு நின்றன. அங்கிருந்து 1988-இல் திறந்த சாலைப் பாலம் வழியாக பஸ், வேன், ஆட்டோ. காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் போகிறவருக்குக் கட்டணமும் தூரமும் பெரிதாக மாறவில்லை. கூடியது ஒரே ஒரு மாறுதல், தண்ணீருக்கு முன்னால். அந்தக் காலத்து டிக்கெட் எண்ணிக்கையையும், அதற்கு முன்பும் பின்பும் உள்ளதையும், நேரடி பஸ் எண்ணிக்கையையும் வாங்க முடிந்தால், ஒரு மாறுதலின் சுமை இந்த ஊர் மக்களுக்கு எவ்வளவு என்று எந்த அட்டையும் காட்டாமல் தெரிந்துவிடும். கோவிட்டுக்குப் பிந்தைய மீட்சியும் அதே காலத்தில் கலந்திருப்பதால், பாலம் தொடாத ஒரு தடத்தை, உதாரணமாகக் காரைக்குடி – மதுரையை, ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

நல்ல சோதனை எப்படி இருக்கும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ விரிகுடா உதாரணம். கடலடிக் குழாய் வழியாக பார்ட் ரயில் 1974-இல் ஓடத் தொடங்கும் முன்பே பயணங்களில் பார்ட்டுக்கு வரும் என்று மெக்ஃபேடன் குழு கணித்த பங்கு 6.3 சதவீதம், அதிகாரபூர்வக் கணிப்பு 15, நடந்தது 6.2.

படி 9: எதிர்காலத்தைப் போடுங்கள்

இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலடியில் சானல் சுரங்கத்தைக் கட்ட முடிவெடுத்தபோது, யூரோஸ்டார் ரயிலில் முதல் வருடம் 159 லட்சம் பேர் போவார்கள் என்றார்கள். முதல் முழு ஆண்டான 1995-இல் போனது சுமார் 29 லட்சம். ஒரு காரணம், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள் என்று எண்ணியது. படகுக் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்தன, மலிவு விலை விமானங்கள் வந்தன. உங்கள் கணக்கிலும் ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பல் வந்தால் நாகைக்காரர்கள் கட்டணத்தை என்ன செய்வார்கள், திருச்சி விமானம் என்ன செய்யும் என்று இரண்டு மூன்று காட்சி போடுங்கள்.

பாலம் வந்தால் படகு செத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே ஓரசுண்ட் பாலம் 2000 ஜூலையில் திறந்தது. வடக்கே ஹெல்சிங்கோர் – ஹெல்சிங்போர்க் படகு இன்றும் ஓடுகிறது. இருபது நிமிடக் கடல், அடிக்கடி சேவை, இரண்டு பக்கமும் ஊருக்கு நடுவில் துறை. படி 4-இன் காத்திருப்புக் கெழுவும் மாறுதல் கெழுவும் அங்கே படகுக்குச் சாதகம்.

உங்கள் தடை கடலாக இல்லாமல் காயலோ ஆறோ என்றால் இதே படிகள்தான், எடை மட்டும் மாறும். 2023-இல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ போன்ற இடத்தில் ரத்தாகும் வாய்ப்பு சின்னது, தினசரிப் பயணம் என்பதால் எத்தனை நிமிடத்துக்கு ஒரு படகு என்பதே எல்லாம். கொல்கத்தாவில் ஹூக்ளியைக் கடக்கப் பாலத்தில் பஸ், படகு, 2024 மார்ச் முதல் ஆற்றடி மெட்ரோ என்று மூன்றும் இருப்பதால், கூடு கட்டிப் பழக அருமையான இடம்.

படி 10: அறிக்கையில் என்ன தருவது

ஒரே எண்ணாகத் தராதீர்கள். ஜனவரி முதல் செப்டம்பர் வரை ஒரு பங்கு, பருவமழை மாதங்களுக்கு வேறொரு பங்கு, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது, அதிகம். பயணியின் இனம் வாரியாக ஒரு அட்டவணை. கடைசிப் பக்கத்தில் ஒரு ரூபாய் எங்கே போட்டால் எத்தனை பேர் கூடுவார்கள் என்ற வரிசை: போர்ட்டர், முந்தின நாள் தகவல், காரைக்குடி – நாகை நேரடி இணைப்பு பஸ், கட்டணக் குறைப்பு, வேகமான கப்பல். கேட்கிற அதிகாரி முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான், அதனால் அதை முதல் பக்கமாகவே வைத்தாலும் சரி.